கயிற்றைப் பிடித்து நிற்கும் பொம்மை

உன் மகள் அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதை நான்கு நாள் தொடாமல் வைத்திருந்தேன். இன்று காலையில்தான் பிரித்தேன். முதலில் வெளியே வந்தது வாடை. காய்ந்த உப்பு, தேங்காய் எண்ணெய், எத்தனை துவைத்தாலும் போகாத அந்தச் சாளை மீன் வாடை. அதற்கப்புறம்தான் இரும்பு வளையம் கண்ணில் பட்டது. அதன்மேல் நீ சுற்றியிருந்த ஊதாச் சேலைத் துண்டு நடுவில் பள்ளம் விழுந்து உன் தலை அளவுக்கே இருந்தது. வளையத்திலிருந்து தொங்கும் நூல்களை அவசரத்தில் யாரோ பந்தாகச் சுருட்டியிருந்தார்கள். யாரோ என்ன, உன் மகள்தான். உன் பொறுமையில் கால்வாசிகூட அவளுக்குக் கிடையாது.

"நீயே வச்சிக்கிடலாம்லா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு அதப் பாத்தா அம்மா நிக்க மாதிரியே இருக்கு அத்தை. ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

பொம்மை ஒரு பழைய போர்வைக்குள் தனியாக இருந்தது. மூன்றடி உயரம், மரம், சேலை, நகை எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ. தெருமுனைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தே பார்த்துவிட்டேன். கடைக்கார அண்ணாச்சி எடையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்னைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு.

இதை எழுத உட்கார்ந்தது அழுகையினால் இல்லை. கோபத்தினால். போன வாரம் உன் ஊர் மாதா கோயில் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். கீழவைப்பார்ப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் பஸ் ஏறி வந்த மனிதர், காப்பியைக் குடித்து முடிக்கும் வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அக்கா போனதுக்குப் பெறகு அந்தப் பொம்மைய யாரு மேடம் தூக்குவா? எட்டாம் திருவிழாவுக்கு இந்த வருசம் பாட்டுக் கச்சேரி வச்சிருவோம்னு பேசியிருக்கோம். ஒங்களுக்கும் வயசாயிட்டுல்லா."

அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சரி என்று தலையாட்டியிருப்பேன்.

"கச்சேரிய ஒம்பதாம் திருவிழாவுக்கு வையிங்க. எட்டாம் திருவிழா சாயங்காலம் பொம்மலாட்டம் உண்டு. நோட்டீஸ்ல போட்டிருங்க" என்றேன்.

"யாரு தூக்குவா?"

"நான்."

அந்த ஒன்பது கிலோவையும் தலையில் தாங்க வேண்டிய என் கழுத்தை அவர் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. போகும்போது வாசலில் நின்று, "ஆட்டம் சொதப்பிட்டுன்னா அதுதான் மேடம் சனங்க மனசுல நிக்கும். அக்கா ஆடுனது மறந்துரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது என்னை உறங்கவிடவில்லை. இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, இதெல்லாம் ஆரம்பித்ததே ஒரு நனைந்த பெட்டியில்தான். அப்போது நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் காகிதம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வடக்கே எங்கோ செய்து, கப்பலேற்ற வந்த விளையாட்டுச் சாமான் பெட்டிகளில் ஒன்று மழையில் நனைந்துவிட்டது. அனுப்புகிறவர் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அதிலிருந்த நூல் பொம்மைகளை ஆபீசில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். எனக்குக் கிடைத்தவன் ஒரு மீசைக்காரன். மரத்தலை, சரிகைத் தலைப்பாகை. கால்களே கிடையாது, அதற்குப் பதில் நீளமாக ஒரு பாவாடை. உச்சந்தலையிலிருந்து முதுகுக்கு ஒரே ஒரு நூல். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருந்தேன்.

நீ வாசலில் கூடையை இறக்கினாய். விளைமீனை நிறுத்துப் போட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாய்.

"இது யாரு பெத்த பிள்ள, இப்பிடித் தொங்குதான்?"

கையைக்கூடக் கழுவாமல் எடுத்துவிட்டாய். நான் கத்தினேன். உனக்குக் காது கேட்கவில்லை. நூலை இரண்டு விரலில் மாட்டி என் வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் அவனை நடக்கவிட்டாய். அவன் இடுப்பை ஒடித்தான், திரும்பினான், உன் கூடையில் இருந்த மீனைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். திட்ட வந்த நான் சிரித்துவிட்டேன்.

"ஏளா, இவனுக்குக் காலே இல்ல. பாவாட ஆடுனா கால் ஆடுத மாதிரி தெரியுது, பாரேன்" என்றாய்.

அன்று வரை என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நீ. பொம்மை கையில் ஏறியதும் 'ஏளா' ஆகிவிட்டேன். அதற்கப்புறம் நீ அதைத் திருப்பிக்கொள்ளவே இல்லை. மீசைக்காரனின் மீசையில் ஒட்டிய செதிலை நானும் எடுக்கவில்லை. நாசரேத் மிஷன் ஊரில் வளர்ந்த எனக்குச் சுத்தம் என்பது இரண்டாவது வேதம், உனக்குத் தெரியும். எடுக்கவில்லை என்றால் எடுக்க மனம் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

சின்ன வயதில் திருவிழாக் கடையில் உன் அம்மா வாங்கித் தந்த அட்டைப் பொம்மையைப் பற்றி அன்றுதான் சொன்னாய். கீழே தொங்கும் நூலை இழுத்தால் கையையும் காலையும் ஒரே சமயத்தில் தூக்குமே, அது. உன் அண்ணன்மார் மூன்று பேரும் உன்னை ஏவிக்கொண்டே இருப்பார்களாம். நீ மூலையில் போய் உட்கார்ந்து அந்த அட்டைக்காரனை ஏவுவாயாம். "நா சொன்னத அவன் ஒருத்தந்தான் கேட்டான்" என்றாய்.

அதற்கப்புறம் நான் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்து உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நீ மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாய். பர்மாக்காரர்கள் ஒரே பொம்மைக்குப் பத்து இருபது நூல் கட்டிப் புருவத்தைக்கூட அசைப்பார்கள் என்றேன். "அவ்வளவு நூலா? வல பின்னுத மாதிரில்லா இருக்கும்" என்றாய். ஐரோப்பாவில் நூல் பொம்மைக்கு வழங்கும் பெயரே சின்ன மாதா என்ற பொருளில் வந்தது, கோயிலில் மாதா பொம்மையை ஆட்டிக் கதை சொல்லியிருக்கிறார்கள் என்று சிலர் எழுதியிருப்பதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாய். அப்புறம், "அப்போ நாம செஞ்சா சாமியாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாய். உன் மூளை எந்த வழியில் ஓடும் என்று எனக்கு அன்று தெரிந்துபோயிற்று.

இன்னொன்றும் சொன்னேன். எங்கோ தூரதேசத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது, குழந்தைகளோடு சேர்த்துப் புதைத்த மண் பொம்மைகள் கிடைத்தன, கையிலும் காலிலும் நூல் கோக்கத் துளை இருந்தது என்று. நீ கையிலிருந்த மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாய்.

"பிள்ளைக்குத் தொணைக்குப் பொம்மைய அனுப்பிருக்காவ. நூல யாரு பிடிச்சிருப்பா அங்கன?" என்று கேட்டாய்.

அதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இப்போதும் தேடுகிறேன்.

அடுத்த வருடம் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பொம்மலாட்டக் குழு என் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்காக வைத்த பகல் ஆட்டம். நாம் இருவரும் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஆட்டம் முடிந்ததும் நீ நேராகத் திரைக்குப் பின்னால் போய்விட்டாய். உன்னை இழுத்து வரத்தான் நான் வந்தேன். வந்த இடத்தில் நானும் வாயைப் பிளந்து நின்றேன். நம் பொம்மலாட்டத்தில் பெரிய பொம்மையின் பாரத்தை விரல்கள் தாங்குவதில்லை. ஆட்டுகிறவர் தலையில் துணி சுற்றிய இரும்பு வளையத்தைக் கிரீடம் மாதிரி மாட்டிக்கொள்கிறார். நூல்கள் அதிலிருந்து இறங்குகின்றன. முழுப் பாரமும் உச்சந்தலைக்கு. பொம்மையின் கைகளை மட்டும் கம்பியால் அசைக்கிறார். அவர் காலில் கட்டிய சலங்கைதான் பொம்மையின் காலடிச் சத்தம்.

நீ என் பக்கம் திரும்பி, "ஏளா, இது நம்ம வேலல்லா!" என்றாய்.

இருபது வருடமாகத் தலையில் மீன் சுமப்பவள் வேறு என்ன சொல்வாய்? அந்தக் குழுவின் பெரியவர் சிரித்துக்கொண்டே வளையத்தை உன் தலையில் வைத்தார். ஆண்களே தள்ளாடும் பாரம். நீ எதுவுமே நடக்காத மாதிரி நின்றாய். நின்றாய், நின்றுகொண்டே இருந்தாய். பொம்மையும் நின்றது. நட என்றார், நடந்தாய். பொம்மை பலகையைத் தள்ளிக்கொண்டு போவது போல ஒரே விறைப்பில் நகர்ந்தது. ஆடு என்றார், ஆடினாய். உன் இடுப்பு ஆடியது, கை ஆடியது, சலங்கை குலுங்கியது. தலை மட்டும் இம்மி அசையவில்லை.

"அம்மா, நீங்க ஆடுறீங்க. பொம்மை தூங்குது" என்றார் பெரியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் உடனே புரிந்தது. கூடை அசைந்தால் மீன் சரியும், ஐஸ் தண்ணீர் கழுத்தில் இறங்கும். அசைக்காமல் இருப்பதற்கே இருபது வருடம் பழகிய தலை அது. உன் உடம்பு எங்கே ஆடினாலும் கழுத்துக்கு மேலே அந்தச் சேதி போகாது. பூ விற்பவளோ டீச்சரோ செய்யாத தப்பு. மீன்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அதைச் சரிசெய்ய உனக்கு ஒரு வருடம் ஆனது. கோயிலுக்குச் சொரூபம் செதுக்குகிற ஆசாரியைப் பிடித்துக் கல்யாண முருங்கை மரத்தில் நம் பொம்மையைச் செய்ய வைத்தாய். தோணிக்கு ஆணி அடிப்பவரிடம் வளையம் அடித்தாய். வலைக்கடையில் கறுப்பு நைலான் நூல் வாங்கினாய். என் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலங்களில் தலையை அசைத்துப் பழகினாய். அடுத்த நாள் காலையில் கூடையோடு தெருவில் போகும்போது பழக்கதோஷத்தில் தலை அசைந்து, மூன்று நாள் சாளையைக் கொட்டினாய். நான் சிரித்ததற்கு ஒரு வாரம் எனக்கு மீன் தரவில்லை.

கதையை நான் எழுதினேன். ஆனால் கதை உன்னுடையது. முத்துக்குளிக்கப் போன காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் தம்பியோ அண்ணனோதான் தோணியில் நின்று பிடிப்பார்கள் என்று நம் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது மச்சான் கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை. நம் கதையில் மச்சான் கண்ணயர்ந்துவிடுவான். பாய்க்கு அடியில் ஒளிந்து தோணியில் வந்த மனைவி எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். தோணியில் பொம்பளை ஏறுவதா என்று நான்தான் தயங்கினேன்.

"மனுசி ஏறுனாத்தான் சண்டைக்கு வருவாவ. மரத்துக்கு என்னளா, ஏறிக்கிடும்" என்றாய்.

நீ சொன்னது அப்படியே நடந்தது. அதே கதையை ஆட்களை வைத்து நாடகமாகப் போட்டிருந்தால் முதல் காட்சியிலேயே மேடைக்குக் கல் வந்திருக்கும். பொம்மை என்பதால் உன் ஊர் ஆண்கள் தூங்குகிற மச்சானைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கயிறு அவள் கைக்குப் போய்விட்டது. நூல் பொம்மையின் மேல் மனிதருக்கு ஏன் இத்தனை காலமாக இவ்வளவு ஆசை என்று படித்தவர்கள் என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நம்மைச் செய்ய விடாததை அது செய்துவிடும், யாரும் அதை அடிக்க மாட்டார்கள்.

அதன்பின் அந்தக் காட்சி. புருஷன் தண்ணீருக்குள் இருக்கிறான். அவள் கயிற்றைப் பிடித்து நிற்கிறாள். பேச்சு இல்லை, சலங்கை இல்லை, அசைவு இல்லை. நீ அங்கே உன் பழைய கழுத்துக்குத் திரும்பிவிடுவாய். மரம் மரமாகவே நிற்கும். ஐந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். அந்த நிற்பைப் பார்க்கத்தான் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

அது ஏன் உனக்கு அப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். சங்கு குளிக்கப் போன உன் புருஷனைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தோணியில் போட்டபோது உயிர் இல்லை. நீ கரையில் நின்றிருந்தாய். "கரையில நின்னு பாக்கதுதான் ஏளா கொடும. எங் கையில கயிறு இருந்திருந்தா நா இழுத்திருப்பேன்லா" என்றாய். சொல்லிவிட்டு உடனே, நாளைக்கு ஊளி மீன் வருமா பாறை மீன் வருமா என்று பேச்சை மாற்றிவிட்டாய்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடம் நாம் ஆடினோம். குரல் முழுக்க நான் கொடுத்தேன், மச்சான் பொம்மையை விரலில் ஆட்டினேன். உன் மகள் குளிக்கிறவனை ஆட்டினாள். ஒவ்வொரு வருடமும் நீ கேட்டாய். "ஒரு தடவ இத ஒந் தலையில வச்சிப் பாரு. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு தூக்குவா?" ஒவ்வொரு வருடமும் எனக்குக் கழுத்து வலி என்றேன். பொய். என் கழுத்துக்கு ஒன்றும் இல்லை. படித்த பிள்ளை தலையில் சுமக்கக் கூடாது என்று என் வீட்டில் வளர்த்தார்கள். தண்ணீர்க் குடத்தைக்கூட இடுப்பில்தான் வைக்க வேண்டும். தலைச்சுமை என்பது வேறு ஆட்களுக்கு உரியது. அந்த வேறு ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தெரிந்தும் அடுத்த வருடம் மறுபடி கேட்டாயே, அதுதான் தாங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, மீன் ஏலம் முடிந்து, கூடையைத் தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டியவள் அப்படியே சரிந்தாயாம். உன்னோடு கூடை சுமக்கும் சூசையம்மா வந்து சொன்னாள்.

*

மேலே எழுதியதை அப்படியே வைத்துவிட்டேன். இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று எட்டாம் திருவிழா. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, அதனால் நோட்டை ஜன்னல் விளிம்பில் உயர வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து நீ சிரிக்க வேண்டாம், உனக்கு இந்த எழுத்தும் வராது.

முதல் பிரச்சினை உன் உயரம். நீ என்னைவிட நான்கு விரல் உயரம். வளையத்தை நான் மாட்டினால் பொம்மை முழங்கால் மடங்கித் தரையில் இழுபட்டது. முதலில் பலகை போட்டு அதன்மேல் நின்றேன். நிற்கலாம், நடக்க முடியாது. துணியை இன்னும் பருமனாகச் சுற்றிப் பார்த்தேன், சரிந்தது. நூலை அறுத்துக் கட்டிவிடலாம் என்று உன் மகள் கத்தரிக்கோலோடு வந்தாள். நான் அவளிடம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அறுக்கவில்லை. அவிழ்த்தேன். உப்பேறி இறுகிப்போன உன் முடிச்சுகள் எட்டு. ஊசியை நுழைத்து நுழைத்து, ஒவ்வொன்றாக, ஒரு பகல் முழுவதும். எட்டாவது முடிச்சு அவிழ்ந்தபோது நூல் உன் விரல் போட்ட வளைவிலேயே சுருண்டு நின்றது. நான் அழுதேன், அழுது முடித்துவிட்டு என் உயரத்துக்குக் கட்டினேன்.

அடுத்து சுமை. அரிசியை மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று பையில் கட்டித் தலையில் வைத்து மொட்டைமாடியில் நடந்தேன். என் தலை எப்போதும் எதற்காவது ஆமாம் போட்டுக்கொண்டே இருக்கும் என்று நீ சொல்வாயே, அது உண்மை. ஒரு கணம் நிற்கவில்லை. பொம்மையை மாட்டினால் அது கள் குடித்தவள் போல ஆடியது. உன் மகள், "நல்லா ஆடுது அத்தை, ஆனா நிக்க மாட்டேங்கு" என்றாள். உனக்கு ஆட வரவில்லை, எனக்கு நிற்க வரவில்லை.

பிறகு துணிந்து சூசையம்மாவிடம் போனேன். காலை ஆறு மணிக்கு ஏலக்கூடத்தில், அத்தனை பேருக்கு முன்னால். எனக்குத் தலையில் சுமக்கச் சொல்லித் தா என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எதுக்கு மேடம் இந்தக் கருமம்?"

"அவ கேட்டா. நா செய்யல."

அவள் ஒரு பழந்துணியை எடுத்து உதறினாள். சும்மாட்டைச் சுருட்டி என் தலையில் வைத்து, கூடையைத் தூக்கி வைத்தாள். ஐஸ் தண்ணீர் நெற்றியில் வழிந்து வாய்க்குள் இறங்கியது. சந்தையே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"கழுத்த வெறைக்காதீய. கால பாக்காதீய. கண்ணு தூரத்துல இருக்கணும். மீன் பெட்டி இருக்குங்கதயே மறந்துரணும்."

"மறந்தா விழுந்துராதா?"

"நெனச்சாத்தான் விழும்."

பதினைந்து நாள் போனேன். மூன்று தடவை மீனைக் கொட்டினேன். சூசையம்மா ஒரு தடவைகூடத் திட்டவில்லை. பதினாறாம் நாள், கூடையோடு வாசல் வரை நடந்து திரும்பி வந்தேன். கழுத்து நடுக்கம் மட்டும் போகவில்லை. "அது போவாது மேடம். அது பிள்ளையிலயே பழகணும். ஒங்களுக்கு அறுவது ஆகப்போவுது" என்று அவள் பச்சையாகச் சொல்லிவிட்டாள். நடுக்கம் போகாது என்று தெரிந்தேதான் நேற்று மேடைக்குப் போனேன்.

மாலைத் திருப்பலி முடிந்து ஆறரைக்கு ஆரம்பித்தோம். கமிட்டித் தலைவர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சானை ஆட்ட ஆள் இல்லை. தூங்கப்போகிறவன்தானே என்று அவனை ஆரம்பத்திலேயே தோணியில் சாய்த்து வைத்துவிட்டேன். அவன் பேச வேண்டியதைத் தூக்கத்தில் உளறுவதாக மாற்றிக்கொண்டேன். சனங்கள் அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாய்க்கு அடியிலிருந்து அவளை எழுப்பினேன். சலங்கை சரியாக விழுந்தது. கயிறு அவள் கைக்கு வந்தது. உன் மகள் குளிக்கிறவனைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

அப்புறம் அந்த நிற்பு.

கண்ணைத் தூரத்தில் வைத்தேன். பாரத்தை மறக்கப் பார்த்தேன். முடியவில்லை, ஏளா. என் உச்சந்தலையில் இருந்தது மரப்பொம்மையா நீயா என்று எனக்கே தெரியவில்லை. கழுத்து நடுங்க ஆரம்பித்தது. நூல் வழியாக நடுக்கம் இறங்கி அவள் தோளுக்கு, கைக்கு, கயிற்றுக்குப் போயிற்று. அவள் கையில் நீ மாட்டிவிட்டிருந்த கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று தட்டிக் கிலுங்க ஆரம்பித்தன. அத்தனை அமைதியான கூட்டத்தில் அந்தச் சத்தம் மட்டும். தொலைந்தது, உன் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

முன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயோ, அவ கை நடுங்குதே!"

இன்னொருத்தி எழுந்துவிட்டாள். "போதும்ளா, இழு! இழுத்துரு!"

அதற்குப் பிறகு யார் யாரோ. பத்து வருடமாக மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், கூட்டமாக எழுந்து நின்று, இழு இழு என்று கத்தியது. நம் கணக்குப்படி இன்னும் அரை நிமிடம் நிற்க வேண்டும். உன் மகள் என்னைப் பார்த்தாள். நான் கம்பியை வலித்தேன். கயிறு ஏறியது. அவன் மேலே வந்தான். உன் ஊர்ப் பெண்கள் அழுதார்கள். கரையில் நின்று பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

முடிந்ததும் வளையத்தை எடுக்க என்னால் கையைத் தூக்க முடியவில்லை. சூசையம்மா திரைக்குப் பின்னால் வந்து இறக்கிவிட்டாள்.

"அவ நின்னா எங்களுக்குப் பயமே வராது. அவ விட மாட்டானு தெரியும்லா. நீங்க நின்னீயளே, பயம் வந்துட்டு. விட்டுருவீயளோன்னு" என்றாள். பாராட்டா திட்டா என்று கேட்டேன். "தெரியல மேடம்" என்றாள்.

கமிட்டித் தலைவர் வந்தார். கையை இன்னும் கட்டியபடியே இருந்தார். அடுத்த வருடமும் நோட்டீசில் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

இன்று காலையில் எழுந்ததும் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தேன். வளையம் அழுத்திய இடம் கன்றிப்போய் வலிக்கிறது. தொட்டால் சுகமாகவும் இருக்கிறது. நீ செய்ததை நான் செய்யவில்லை. அது எனக்கு வராது, இனிமேலும் வராது, அது உன்னோடு போயிற்று. உன்னைப் போல அசையாமல் நின்று அவர்களுக்குத் தைரியம் கொடுக்க என்னால் முடியாது. அடுத்த வருடமும் நடுங்கிக்கொண்டுதான் நிற்பேன். அதற்கு அடுத்த வருடம் இன்னும் மோசமாக நடுங்குவேன். வளையல் கிலுங்கட்டும், ஊர் எழுந்து கத்தட்டும்.

விட மாட்டேன், ஏளா.